விருப்ப ஓய்வுக்குப் பின் நிலக்காட்சி ஒளிப்படம்: வீட்டிலிருந்தா, மலையில் தங்கியா, குழுவோடா?

விருப்ப ஓய்வு பெற்ற பிறகு நிலக்காட்சி ஒளிப்படத்தில் முழுமையாக இறங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று நாள் பயணங்களாகப் போய்வருவதா, மலையூர் ஒன்றில் மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்குவதா, அல்லது லடாக், ஐஸ்லாந்து என்று போட்டோ டூர் நடத்துபவர்களோடு சேர்ந்துகொள்வதா? கேட்பவர்களில் பலர் 50 வயதிலிருந்து 55 வயதுக்குள் வேலையை விட்டவர்கள். கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது, முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. ஆனால் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்கச் சில ஆண்டுகள் பாக்கி, பெற்றோர் 80ஐத் தொட்டிருக்கிறார்கள், கடைசிப் பிள்ளைக்குப் படிப்பு முடியவில்லை. 60 வயதில் ஓய்வு பெற்றவருக்குப் பொருந்தும் யோசனை இவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

வேறு இரண்டு யோசனைகளும் அவ்வப்போது எழுவதுண்டு. கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ ஒரு சிறு வீட்டை வாங்கிவிடலாம் என்பது ஒன்று. ஓய்வு நிதியில் பெரும்பகுதியை, விற்க நினைத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்கும் சொத்தில் முடக்கி, ஒரே மலையோடு நம்மைக் கட்டிப்போடும் ஏற்பாடு அது. கேரவன் வாங்கி நாடு முழுவதும் சுற்றலாம் என்பது மற்றொன்று. நம் மலைப்பாதைகளின் கொண்டை ஊசி வளைவுகளையும், இரவில் வண்டியை நிறுத்திப் பயமின்றித் தூங்கத்தக்க இடங்கள் எவ்வளவு குறைவு என்பதையும் அறிந்தவர்களுக்கு அதைப்பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை. எனவே மூன்று வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ஒளிக்காகக் காத்திருக்க அந்த வழி இடம் தருகிறதா என்பது. வேலையில் இருப்பவர் விடுப்பு எடுத்த நாள்களில் கிடைத்த வானத்தைத்தான் படமெடுக்க முடியும். முன்கூட்டியே ஓய்வு பெற்றவருக்கோ தேதிகள் கட்டற்றவை. அவரைவிட வசதி படைத்த ஒளிப்படக்காரர்கள் பலருக்கும் இல்லாத சொத்து அது. ஆகவே ஒரு வழி அந்தச் சொத்தைப் பயன்படுத்துகிறதா, வீணாக்குகிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

நம் ஊரில் இது கூடுதலாக முக்கியமாவதற்குப் புவியியல் காரணம் உண்டு. நிலக்காட்சிக்கு உகந்தது சூரியன் தாழ்வாக நிற்கும்போது விழும் சாய்ந்த ஒளி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால் அந்த ஒளி விரைவில் போய்விடுகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் சமநாளையொட்டிய நாள்களில் சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை (டிகிரி) உயர்வதற்கு உதகமண்டலத்தில் சுமார் 25 நிமிடம்தான் ஆகும். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் அதே உயரத்துக்கு 55 நிமிடம் ஆகும். டிசம்பர் பிற்பகுதியில் ரெய்க்யவிக்கில் நண்பகலில்கூடச் சூரியன் 3 பாகையைத் தாண்டுவதில்லை. பகல் நான்கு மணி நேரம்தான் என்றாலும் அந்த நான்கு மணி நேரமும் தாழ்ந்த ஒளியே. நம் மலைகளில் அந்த 25 நிமிடத்தை மூடுபனி மறைத்துவிட்டால், மாலை வரை வேறு வேலையைப் பார்க்கவேண்டியதுதான். மறுநாளும் அதே இடத்துக்கு வர முடிகிறவருக்கே படம் கிடைக்கும்.

இரண்டாவது அளவுகோல் பணம். மொத்தச் செலவைவிட, அது எந்த வயதில் கையைவிட்டுப் போகிறது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு கணக்குக்காக, ஓய்வு நிதி 2 கோடி ரூபாய் என்றும், ஆண்டுக்கு அதில் 3.5 விழுக்காடு, அதாவது 7 லட்சம் எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் 40,000 ரூபாய் வீட்டுச் செலவுக்குப் போனால் பயணத்துக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 2 லட்சத்துச் சொச்சம். முதல் ஆண்டிலேயே சந்தை சரிந்து நிதி 1.5 கோடியாகிவிட்டால், அதே 7 லட்சம் 4.7 விழுக்காடாகிவிடுகிறது, சரிவின் நடுவே பெரிய தொகையை எடுத்தால், சந்தை மீளும்போது அந்தப் பணம் கூடவே வளர்வதற்கு நிதியில் இருக்காது. ஓய்வின் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் செய்யும் பெருஞ்செலவு மற்ற ஆண்டுகளின் செலவைவிட ஆபத்தானது என்று சொல்வதன் பொருள் இதுதான்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியவை சில உண்டு. பி.எஃப். ஓய்வூதியம் முழுமையாகக் கிடைப்பது 58 வயதில். 50 வயது முதலே பெறலாம் என்றாலும் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டு விழும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயதானவர்களுக்கு உரியது. 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் ஓய்வுப் பலன்களைக் குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் அதில் போடலாம், 52 வயதில் விலகியவருக்கு அந்த வழியும் இல்லை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். புதிதாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கக்கூடும். வேலையை விடுவதற்கு முன்பே தனிக் காப்பீட்டை எடுத்துவைத்தவர், புதிய லென்ஸ் வாங்கியவரைவிடப் புத்திசாலி என்பது என் கருத்து.

மூன்றாவது உடல். நான்காவது குடும்பம்: படமெடுப்பதில் ஆர்வமில்லாத துணைவர், முதிய பெற்றோர், படிக்கும் பிள்ளை. ஐந்தாவது, அந்த வழி நம் கையையும் கண்ணையும் எவ்வளவு தேற்றுகிறது என்பது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1916இல் 14 வயதுச் சிறுவனாக யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனவர். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அங்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தார். நிலக்காட்சியில் தேர்ச்சி பெரும்பாலும் திரும்பப் போவதால்தான் வருகிறது.

## வழி 1: வீட்டிலிருந்தபடியே சிறு பயணங்கள்

சொந்தக் காரில் விடியற்காலையிலோ முந்தைய நாள் மாலையிலோ கிளம்பி, ஓரிரு இரவு தங்கித் திரும்புவது. இதன் பெரும் பலம், வாரநாள்களில் போக முடிவது. கோடை விடுமுறையின் சனிக்கிழமையும் ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமையும் கொடைக்கானலில் இரண்டு வேறு ஊர்கள்.

காத்திருப்பு என்ற அளவுகோலில் இந்த வழி எப்படி என்பது நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தென்காசிக்காரருக்கு இதைவிட மேலான வழி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேகங்கள் மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழிந்து, சரிவில் இறங்கும்போதே கரைந்துபோவதை வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும் நாள்களில், பின்னணியில் மலைமீது மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அரைமணி நேரத்தில் போய்ச் சேரலாம். நாகர்கோவில்காரருக்கு மருந்துவாழ் மலையும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் பக்கம். தூத்துக்குடி, திருச்செந்தூர்க்காரருக்குக் குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் பக்கம். அந்த மணலில் காற்று இழுத்த வரிகள் தாழ்ந்த வெயிலில் மட்டுமே எடுப்பாகத் தெரியும். பத்து மணிக்குப் போனால் சிவப்பாக ஒரு மைதானம்தான் மிஞ்சும். கோயம்புத்தூர், தேனி, திண்டுக்கல் ஊர்க்காரர்களும் நல்லூழ் உடையவர்களே.

சென்னைக்காரருக்கு நிலைமை வேறு. பழவேற்காடும் செஞ்சியும் ஜவ்வாது மலையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூணாறோ வால்பாறையோ இல்லை. செஞ்சிக்குப் போகிறவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் டிரைபாட் (முக்காலி) வைத்துப் படமெடுக்க முன் அனுமதி தேவை. கோட்டை திறந்திருக்கும் நேரமும் விடியல் ஒளியும் ஒத்துப்போவதில்லை. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் வெளியே வயல்வெளிகளிலிருந்தும் பாறைக்குன்றுகளிலிருந்தும் எடுப்பதே நடைமுறைக்கு உகந்தது, படமும் அங்கிருந்துதான் நன்றாக அமையும்.

மறைவான செலவுகளில் முதலாவது அசதி. விடியலுக்கு மலையில் இருக்கவேண்டும் என்று நள்ளிரவுக்குப் பின் கிளம்புவது, படம் எடுத்து முடித்து வெயிலில் திரும்ப ஓட்டுவது என்பதை 52 வயதில் மாதம் ஒருமுறை செய்யலாம். வாரம் ஒருமுறை செய்தால் விபத்தில் முடியும். வழியும் எப்போதும் திறந்திருக்காது: பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனங்களுக்குத் தடை இருப்பதால், அந்தப் பக்கமிருந்து வருகிறவருக்கு விடியல் ஒளி கிடைக்காது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து கோடை மாதங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. வாரநாளில் போகிறவரை இது பெரிதாகப் பாதிக்காது. ஆனால் வானம் தெளிந்ததைப் பார்த்து உடனே கிளம்பும் வழக்கமுள்ளவர் பாஸுக்கு முன்பே பதிவுசெய்யப் பழகவேண்டும்.

முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கு மூன்று வழிகளில் இதுவே சரியானது. இரவு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் விடிவதற்குள் வீட்டில் இருக்க முடியும்.

## வழி 2: மலையூரில் ஒன்றிரண்டு மாதம் வாடகைக்குத் தங்குதல்

குன்னூர், கோத்தகிரி, வால்பாறை, மூணாறு போன்ற ஊரில் மாத வாடகைக்கு ஒரு வீட்டையோ, நீண்ட தங்கலுக்கு விலை குறைத்துத் தரும் ஹோம்ஸ்டேயையோ எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க இருப்பது. காத்திருப்பு என்ற அளவுகோலில் இதற்கு இணையாக எதுவும் இல்லை.

உதகையின் உறைபனியை எடுத்துக்கொள்வோம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் மட்டுமே அது விழுகிறது. விழுமா என்பது முந்தைய மாலைவரை உறுதியில்லை. விழுந்த காலையில் காந்தல், தலைகுந்தா பக்கத்துப் புல்வெளிகளில் ஒவ்வொரு புல்லின் விளிம்பும் தனித்தனியாக வெள்ளை பூத்திருக்கும். மரநிழல் விழுந்த இடத்தில் வெள்ளை நீடிக்க, வெயில் தொட்ட இடம் சற்று நேரத்தில் வெறும் ஈரப் புல்லாகிவிடும். நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவே அந்தக் கோடு நகர்கிற நேரம்தான் படத்துக்கான நேரம். மூன்று மாதம் முன்னால் தேதி குறித்து வருகிறவருக்கு அது கிடைப்பது அதிர்ஷ்டம். பக்கத்தில் குடியிருப்பவருக்கு அது அந்த வாரத்து வேலைகளில் ஒன்று. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் நீலக்குறிஞ்சியும் அப்படித்தான். 2006, 2018 என்று பூத்தது மீண்டும் 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. எந்தச் சரிவு எந்த வாரத்தில் உச்சத்துக்கு வரும் என்பதை அங்கே இருப்பவர்தான் அறிவார்.

பணக்கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் விரும்பாத மழை மாதங்களே நிலக்காட்சிக்கு மிகச் சிறந்தவை; வாடகை இறங்குவதும் அப்போதுதான். சமையல் நம் கையில் இருப்பதால் சாப்பாட்டுச் செலவு வீட்டுச் செலவிலேயே அடங்கிவிடும்.

எனினும் மறைவான செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். முதலில் ஈரம். வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தென்னிந்தியாவில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூலையில் அங்கே ஒரு மாதம் வைத்திருக்கும் லென்ஸை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடியின் உட்புறத்தில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய நூலிழைகள் கிளைவிட்டிருப்பது தெரியக்கூடும். அது பூஞ்சை. சுத்தம் செய்யத் தர வேண்டிய தொகை சில லென்ஸ்களின் பழைய விலையை நெருங்கிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு கருவி இவற்றை வாங்கி, பெட்டிக்குள் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது மிக மலிவான காப்பீடு. சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது விலங்குகள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் காட்டுமாடுகள் தெருவில் நிற்பதும், இரவில் கரடி வந்துபோவதும் உள்ளூர்க்காரர்களுக்குச் செய்தியே இல்லை. வால்பாறையில் யானைகள் தேயிலைத் தோட்டங்களின் நடுவே நடமாடுகின்றன. அவற்றின் நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் அறிவிக்கும் ஏற்பாடே அங்கு இருக்கிறது. நிலக்காட்சிக்காரர் வெளியே இருக்க விரும்பும் இருட்டும் மூடுபனியும் கலந்த அதே நேரம்தான் இவற்றுக்கும் உகந்தது. தனியாக இருட்டில் நடப்பதைக் கைவிட்டு, ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதற்கான கூலியை மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்கள் தனியாருடையவை என்பதால் அனுமதியும் கேட்கவேண்டும்; கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். ட்ரோன் விஷயத்தில் அப்படி இல்லை: காட்டுப்பகுதியில் வனத்துறை அனுமதியின்றிப் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும்.

மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நிலச்சரிவுக்கு உள்ளாகக்கூடியது. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மூணாறில் இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மூடப்பட்டிருக்கும்.

குடும்பம் என்ற அளவுகோலில்தான் இந்த வழி பெரும்பாலும் தோற்கிறது. ஒளிக்காகக் காத்திருப்பவருக்கு மூடுபனி மூடிய நான்கு நாள் சுவையானது. உடன் வந்த துணைவருக்கு அது அக்கம்பக்கம் தெரியாத ஊரில் ஈரச் சுவர்களுக்கு நடுவே கழியும் நான்கு நாள். மலையேற்றமோ, பறவை பார்ப்பதோ, எழுத்தோ, தோட்டமோ, தமக்கென ஒரு வேலை அங்கே இருக்கும் துணைவர் என்றால் மட்டும் இரண்டு மாதம் எடுக்கலாம். இல்லையேல் மூன்று வாரத்தோடு நிறுத்திக்கொள்வது இல்லறத்துக்கு நல்லது.

## வழி 3: குழுவோடு போகும் போட்டோ டூர்

ஏழு முதல் பன்னிரண்டு நாள், தேர்ந்த ஒளிப்படக்காரர் ஒருவர் தலைமையில், தங்குமிடமும் வண்டியும் அவர்கள் பொறுப்பில். தேதிகள் முன்பே குறிக்கப்பட்டவை. விடுப்பில் வருபவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு இது. ஓய்வு பெற்றவர் இதில் சேரும்போது தம்மிடம் உள்ள அரிய சொத்தான காலத்தைப் பயன்படுத்தாமல், தம்மிடம் குறைவாக உள்ள பணத்தைக் கொடுக்கிறார்.

இருப்பினும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தவறாக எடுத்த படத்தை அன்று மாலையே ஒருவர் திரையில் காட்டித் திருத்துவதால் கிடைக்கும் பயிற்சி, தனியாக ஆண்டுக்கணக்கில் திரிந்தாலும் சிலருக்குக் கைவருவதில்லை. தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு, விடியலுக்கு முன் ஆளில்லாத இடத்தில் டிரைபாடோடு நிற்கக் குழு தரும் பாதுகாப்பு சாதாரணமானதன்று. ஐஸ்லாந்து போன்ற இடத்தில் குளிர்காலச் சாலைகளும் பனிக்குகைகளும் அறிந்தவர் துணையின்றிப் போகத்தக்கவை அல்ல. முன்னர் சொன்ன சூரியக் கணக்கும் இங்கே குழுவுக்கு உதவுகிறது: தாழ்ந்த ஒளி நாள் முழுவதும் இருப்பதால், குறித்த தேதியில் போனாலும் ஏதேனும் ஒரு மேக இடைவெளியில் படம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

லடாக்குக்கு இந்த வாதம் பொருந்தாது. லடாக்கின் லே நகர் இருப்பது 34 பாகை வட அட்சத்தில். சூரியன் உயரும் வேகம் நமக்கும் அங்கும் பெரிதாக மாறுவதில்லை. உயரம்தான் மாறுகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேவில் விமானத்திலிருந்து நேரே இறங்குகிறவர் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே மேலே போகவேண்டும். எட்டு நாள் திட்டத்தில் இரண்டு நாள் இதிலேயே போய்விடுவதால், மீதி நாள்களில் 4,200 மீட்டருக்கு மேலுள்ள பாங்காங் ஏரிக்கும், 4,500 மீட்டரில் உள்ள த்சோ மொரிரி ஏரிக்கும் வேகமாக ஏறவேண்டியிருக்கிறது. தலைவலியோடு இருப்பவர் தம்மால் குழு நின்றுவிடக்கூடாதே என்று சொல்லாமல் மேலே போவது, உயரத்தால் வரும் மலைநோயில் மிக ஆபத்தான பழக்கம். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முன்பணம் கட்டும் முன்னரே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்: தனியறைக்கான கூடுதல் தொகை, ஐஸ்லாந்து என்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் அதற்குத் தேவையான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகையோடு வசூலிக்கப்படும் டி.சி.எஸ். வரி, இது வருமானவரிக் கணக்கில் நேர்செய்யப்படும் என்றாலும் சில மாதங்கள் கையைவிட்டுப் போயிருக்கும். ஒருமுறைக்குமேல் உதவாத குளிருடைகள். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. கேமரா, மூன்று லென்ஸ், மடிக்கணினி சேர்ந்தால் அந்த எடையை எளிதில் தாண்டும். உதிரி மின்கலங்களைச் சரக்கில் போடவும் முடியாது. ஒளித்துளை பெரிதான, எடையும் விலையும் கூடிய f/2.8 லென்ஸ்களைவிட f/4 லென்ஸ்களோடு போகிறவர் முழங்காலையும் பணத்தையும் ஒருசேரக் காப்பாற்றிக்கொள்கிறார். நிலக்காட்சிக்கு எப்படியும் ஒளித்துளையைச் சுருக்கி f/8க்கும் f/11க்கும்தான் போகப்போகிறோம்.

இன்னொரு குறையும் உண்டு. பத்துப் பேர் ஒரே பாறையருகே டிரைபாடுகளை ஊன்றி ஒரே மலையை எடுக்கும்போது, பத்துப் பேர் வீட்டுக்குக் கொண்டுபோவதும் கிட்டத்தட்ட ஒரே படம்தான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | வீட்டிலிருந்து | வாடகைத் தங்கல் | போட்டோ டூர் |
|---|---|---|---|
| காத்திருப்பு | மலையடிவார ஊர்க்காரருக்கு நன்று, மற்றவர்களுக்குக் குறைவு | மிக நன்று | மிகக் குறைவு. உயர் அட்சப் பகுதியில் பாதகம் குறையும் |
| பணம் | சிறு தொகைகள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் | மாதச் செலவு முன்பே தெரியும் | ஒரே பெருந்தொகை |
| மறைவான செலவு | அசதி, வண்டித் தேய்மானம், பாஸ் | பூஞ்சை, துணைக்கு ஆள், பூட்டிக் கிடக்கும் சொந்த வீடு | விசா, காப்பீடு, உடை, தனியறை |
| உடல் | இரவு ஓட்டம் | ஈரம், குளிர் | உயரம், அவசர அட்டவணை |
| குடும்பம் | மிக எளிது | துணைவரைப் பொறுத்தது | குறுகிய பிரிவு, சமாளிக்கலாம் |
| தேர்ச்சி | மெதுவாக வளரும் | ஆழமாக வளரும் | நல்ல ஆசிரியர் அமைந்தால் வேகம் |

## எதை எப்போது

மூன்றையும் வயது வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண் தெரிகிறது. பணம், பெருஞ்செலவுகளை 58, 60 வயதுக்குப் பின் தள்ளிவைக்கச் சொல்கிறது. உடல், கடினமானவற்றை முன்னால் செய்யச் சொல்கிறது. கடினமானவையும் செலவு மிக்கவையும் ஒன்றே என்று எண்ணும்வரைதான் இது முரண். லடாக் உடலுக்குக் கடினம், பணத்துக்கு நடுத்தரம். ஐஸ்லாந்து பணத்துக்குக் கடினம், உடலுக்கு எளிது: அதன் தென்கரைக் காட்சிகளில் பெரும்பாலானவை கடல்மட்டத்தில், தீவைச் சுற்றும் சாலையையொட்டியே இருக்கின்றன, யோக்குல்சார்லோன் பனிக்கட்டி ஏரிக்கு வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்தால் போதும். குளிருக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்க முடிந்தால், 65 வயதில் அங்கே போவது 55 வயதில் போவதைவிட அப்படியொன்றும் குறைந்ததாக இராது. 65 வயதில் முதன்முறையாக த்சோ மொரிரிக்குப் போவதைப்பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆகவே 50களின் தொடக்கத்தில் விலகியவருக்கு என் யோசனை: முதல் ஓராண்டு வழி 1 மட்டும். எந்த வகை நிலம் தமக்குப் பிடிக்கிறது, துணைவர் எவ்வளவு தூரம் உடன் வருவார், மாதம் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பவை அந்த ஓராண்டில் தெளிவாகிவிடும். அதன்பின் 58 வயதுக்குள் வழி 2ஐ லடாக்கிலேயே ஒருமுறை செய்துவிடலாம். செப்டம்பரில் கூட்டம் வடியும் நேரம், லேவில் ஒரு விருந்தினர் இல்லத்தில் மூன்று நான்கு வாரம் தங்கினால், உடல் தன் வேகத்தில் பழகிக்கொள்ளும். மாத இறுதியில் பாப்லர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்குவதும் கிடைக்கும். அங்கே பெருஞ்செலவு தங்குமிடமன்று, வண்டி. வெளியூர் வாடகை வண்டிகளைச் சுற்றிப்பார்க்கப் பயன்படுத்த உள்ளூர் டாக்சிச் சங்கம் விடுவதில்லை, சங்கத்தின் கட்டணமும் பேரத்துக்கு அப்பாற்பட்டது. அதனால் ஏரிகளுக்குப் போகும் நாள்களில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்வது அவசியம்.

இரவுவானத்தைப் படமெடுக்க லடாக்கின் ஹான்லேவுக்குப் போவதானால் அமாவாசையையொட்டிப் போகவேண்டும். இரவுவானக் காப்பகமாக 2022இல் அறிவிக்கப்பட்ட அந்த ஊர் வானியல் ஆய்வுக்கூடத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே நம் ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வுக்கூடத்தையும் நடத்துகிறது. பால்வீதியின் மையப்பகுதி நம் அட்சத்தில் வானில் 50 பாகை வரை ஏறுகிறது, ஹான்லேயில் 30ஐக்கூடத் தொடுவதில்லை. வானத்தின் தெளிவில் ஹான்லே வெல்லும். பால்வீதியின் உயரத்தில் ஜவ்வாது மலை. எனவே இரவுவானப் படத்துக்காக மட்டும் லடாக் போக நினைப்பவர் முதலில் ஒரு மார்ச் மாத அமாவாசையில், விடியலுக்கு முன், ஜவ்வாது மலையில் முயன்று பார்ப்பது நல்லது.

இந்த வரிசை பொருந்தாதவர்களும் உண்டு. படுக்கையில் பெற்றோர் இருக்கும் வீட்டில் வழி 1 தவிர வேறில்லை. அதில் குறைவுபடவும் ஒன்றுமில்லை. இதயக் கோளாறு உள்ளவர் லடாக்கை விட்டுவிட்டு நீலகிரியிலேயே பருவத்துக்கொரு மாதம் தங்கலாம். அடிப்படையே கைவராமல் தவிப்பவர், தனியே பயணிக்கத் தயங்கும் பெண்கள் ஆகியோர் முதல் ஆண்டிலேயே ஒரு குழுவில் சேரலாம். ஆனால் அது உள்நாட்டில் நான்கைந்து நாள் நடக்கும் குழுவாகவும், தலைமை தாங்குபவர் மாலையில் உட்கார்ந்து படங்களைத் திருத்திக் காட்டுபவராகவும் இருக்கட்டும். சேரும் முன் அவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வானம் மூடிக்கொண்டால் அன்றைய திட்டத்தை மாற்றும் வழக்கம் உண்டா, ஒரு குழுவில் எத்தனை பேர்? முதல் கேள்விக்கு அட்டவணையைக் காட்டுகிறவரிடமும், இரண்டாவதற்கு எட்டுக்கு மேல் சொல்கிறவரிடமும் பணம் கட்டவேண்டாம்.